காலத்தால் நெகிழும் திண்மங்கள்: ராக்கெட்டு எரிபொருளின் நடத்தையைக் கணிப்பொறியால் முன்னறிதல்

திண்மப் பொருள்களின் வலிமையைப் பற்றிப் பள்ளி நூல்களில் முதன்முதலாகக் கூறப்படுவது ஹூக்கின் விதியாகும். 1678ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் வெளியிட்ட இவ்விதியின்படி, மீட்சி எல்லைக்குள் ஒரு பொருளின் நீட்சி அதன்மேல் ஏற்றப்படும் பளுவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பளு இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும். பளு நீங்கினால் பொருள் தன் பழைய அளவை அடையும். எளிமையும் பயனும் வாய்ந்த இவ்விதியில் ஒன்றுக்கு மட்டும் இடமில்லை. அது காலம் ஆகும். பளு ஏற்றி ஒரு நொடி ஆயிற்றா, ஓராண்டு ஆயிற்றா என்று ஹூக்கின் விதி கேட்பதில்லை.

சாதாரண வெப்பநிலையிலுள்ள எஃகுக்கு இக்குறை பெரிதன்று. ஆனால் இரப்பர், பிளாஸ்டிக்கு, பிசின், இவற்றைப் பிணைப்பாகக் கொண்டு அமைந்த கலப்புப் பொருள்கள் ஆகியவற்றில் காலத்தை விட்டுவிட்டுச் செய்யும் கணக்குப் பெரும் பிழையில் முடியும். இப்பொருள்கள் விரைந்து தாக்கப்படும்போது விறைப்பாகவும், நெடுநேரம் அழுத்தப்படும்போது மென்மையாகவும் நடந்துகொள்கின்றன. இவற்றின் நடத்தையை முன்கூட்டி அறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குத் திருவனந்தபுரத்தில் நடைபெறும் ராக்கெட்டு ஆராய்ச்சி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எரிபொருளும் ஒரு கலப்புப் பொருளே

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு விண்ணில் செலுத்தப்பட்டது. அந்த ராக்கெட்டு அமெரிக்காவிலிருந்து பெறப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1967 நவம்பரில், இந்தியாவிலேயே செய்யப்பட்டதும் 75 மில்லிமீட்டர் விட்டமே உடையதுமான ரோகிணி ராக்கெட்டு அங்கிருந்து ஏவப்பட்டது. டாக்டர் விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் காலமானபின், அங்கு வளர்ந்த நிலையங்கள் அவர் பெயர் தாங்கிய விண்வெளி மையமாயின. 1980 ஜூலை 18இல் ரோகிணித் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்கு கட்டங்களும் திண்ம எரிபொருளால் இயங்கியவை. இன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற் கட்டத்தில் ஏறத்தாழ 138 டன் திண்ம எரிபொருள் உள்ளது. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இரு பக்கங்களிலும் பொருத்தப்படும் எஸ்200 மோட்டார் ஒவ்வொன்றும் 200 டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளை 3.2 மீட்டர் விட்டமுள்ள உறைக்குள் தாங்கி நிற்கிறது.

திண்ம எரிபொருள் என்றவுடன் வெடிமருந்துத் தூளை எண்ணுதல் கூடாது. இது கையால் அழுத்தினால் கெட்டியான இரப்பரைப் போலத் தோன்றும் ஒரு பொருள். இதன் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நுண்ணிய திண்மத் துகள்களாகும். எரிதலுக்கு வேண்டிய உயிர்வளியைத் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டுப் படிகங்களும், மிகுந்த வெப்பத்தைத் தரும் அலுமினியத் தூளும் அத்துகள்களாம். எஞ்சிய பகுதி, எச்.டி.பி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் செயற்கை இரப்பரும் அதனைச் சார்ந்த சிறு சேர்மங்களும் ஆகும். இந்த இரப்பரே எரிபொருளாகவும் துகள்களைப் பிணைக்கும் பசையாகவும் பணிபுரிகின்றது. சிமிட்டிக் காரையில் மணலும் கல்லும் பிணைந்திருப்பதைப் போன்ற அமைப்பு இது. வேறுபாடு யாதெனில், இங்கே காரைக்குப் பதிலாக நெகிழும் இரப்பர் அமைந்துள்ளது. எனவே இப்பொருளின் நடத்தை முழுவதிலும் இரப்பரின் காலச்சார்பு கலந்துள்ளது.

குளிர்தலால் விளையும் இடர்

எரிபொருள் கூழ் போன்ற நிலையில் மோட்டாரின் உறைக்குள் வார்க்கப்பட்டு, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல நாள்கள் வைத்துப் பதப்படுத்தப்படுகின்றது. நடுவில் நிறுத்தப்பட்ட அச்சு பின்னர் நீக்கப்படும்போது, எரிபொருளின் நடுவே ஒரு நீண்ட குழி உண்டாகும். தீ மூட்டியபின் எரிதல் இக்குழியின் சுவரில் தொடங்கி வெளிநோக்கிப் பரவும். எரிபொருளின் புறப்பரப்பு உறையோடு உறுதியாக ஒட்டப்பட்டிருக்கும்.

பதமான மோட்டார் அறை வெப்பநிலைக்குக் குளிரும்போது முதல் இடர் தோன்றுகின்றது. வெப்பநிலை 30 பாகை குறைந்தால், ஒரு மீட்டர் நீளமுள்ள எரிபொருள் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்க முயலும். அதே நீளமுள்ள எஃகு 0.3 மில்லிமீட்டர் அளவே சுருங்கும். எரிபொருள் உறையோடு ஒட்டியிருப்பதால், அது தன் விருப்பம்போல் சுருங்க இயலாது.

இதன் விளைவை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். நீளத்தில் 0.3 விழுக்காடு சுருக்கமென்பது கன அளவில் 0.9 விழுக்காடு ஆகும். உறை சிறிதும் சுருங்கவில்லை எனவும், எரிபொருளின் வெளிவிட்டம் குழியின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு எனவும் கொள்க. அப்போது எரிபொருளின் கன அளவு குழியின் கன அளவைப்போல் எட்டு மடங்காகும். உறைக்குள் அடங்கிய மொத்த இடம் மாறாததால், எரிபொருள் இழந்த கன அளவு முழுவதையும் குழியே ஏற்க வேண்டும். ஆகவே குழியின் கன அளவு 0.9ஐ 8ஆல் பெருக்கி வரும் 7.2 விழுக்காடு மிகும். குழியின் நீளமும் மாறாததால், அதன் விட்டம் இதில் பாதியாகிய 3.6 விழுக்காடு அகலும். வெறும் 0.3 விழுக்காடாக இருந்த சுருக்கம், குழியின் சுவரில் பன்னிரு மடங்கு பெருகி இழுவையாக மாறிவிடுகின்றது. வட்டமாக இல்லாமல் விண்மீன் வடிவில் அமைந்த குழிகளில், உட்புற மூலைகளில் இந்த இழுவை மேலும் மிகும்.

இழுவை அளவுக்கு மிஞ்சினால் குழியின் சுவரில் வெடிப்பு உண்டாகலாம். அல்லது எரிபொருள் உறையிலிருந்து பிரியலாம். இவ்விரண்டும் பேரிடரை விளைவிக்கக் கூடியவை. திண்ம மோட்டாரில் ஒவ்வொரு நொடியும் உண்டாகும் வாயுவின் அளவு எரியும் பரப்பைப் பொறுத்தது. வெடிப்பினுள் தீ புகுந்தால் எரியும் பரப்பு திடீரென விரியும், அழுத்தம் உயரும், அழுத்தம் உயர்ந்தால் எரிதல் மேலும் விரையும். உறை தாங்கும் எல்லையை அழுத்தம் கடந்தால் மோட்டார் வெடித்துச் சிதறும். ஒரு முறை மூட்டிய திண்ம மோட்டாரை அணைக்கவும் இயலாது. ஆதலால் இதனைக் கணக்கிட்டு அறிய வேண்டிய காலம் மூட்டுவதற்கு முன்னரே ஆகும்.

ஊர்வும் தளர்வும்

மேற்கண்ட கணக்கு விட்டம் எவ்வளவு அகலும் என்பதைக் கூறிற்று. அவ்வகலிப்பால் பொருளினுள் எவ்வளவு விசை தேங்கி நிற்கும் என்பதை அது கூறவில்லை. அதற்குக் காலத்தை அறிதல் வேண்டும்.

காலச்சார்பு இரு வகையாக வெளிப்படும். மாறாத பளு தொங்கும்போது, பொருள் உடனே சிறிது நீண்டு, பின்னரும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே செல்லும். இதனை ஊர்வு எனலாம். மாறாக, பொருளை ஓர் அளவுக்கு நீட்டி அந்த நீளத்திலேயே பிடித்து வைத்தால், அதனுள் தோன்றிய தகைவு காலப்போக்கில் குறையும். இது தளர்வு எனப்படும். புதிதாக இழுத்துக் கட்டிய நைலான் கயிற்றுக் கொடி, துணி எதுவும் காயாத நாளிலும் சில நாள்களில் முறுக்குத் தளர்ந்து தொய்வது தளர்வுக்குச் சான்றாகும்.

இவ்வியல்பை விளக்க இரண்டு பொறிகளைக் கற்பனை செய்வது வழக்கம். ஒன்று சுருள்வில், அது ஹூக்கின் விதிக்கு அடங்கியது. மற்றொன்று எண்ணெய்த் தடை. அலுவலகக் கதவுகளைத் தானே மெல்லச் சாத்தும் கருவியில் இஃது உள்ளது. விரைந்து தள்ளினால் அது கடுமையாக எதிர்க்கும். மெல்லத் தள்ளினால் இணங்கிவிடும். வில்லையும் தடையையும் வரிசையாக இணைத்தால், உடனே நீண்டு பின் தளரும் ஓர் அலகு கிடைக்கும். பாய்மங்களைப் பற்றிய ஆய்வில் மாக்ஸ்வெல் 1867இல் கூறிய கருத்தை ஒட்டி, இது மாக்ஸ்வெல் அலகு எனப்படும். ஒரே அலகு எரிபொருளின் நடத்தையை முழுதும் காட்டாது. நொடியில் தளர்வது, நிமிடத்தில் தளர்வது, நாளில் தளர்வது, திங்களில் தளர்வது எனப் பல அலகுகளைப் பக்கம் பக்கமாக வைத்தாலே உண்மைப் பொருளின் தளர்வுக் கோடு கிடைக்கும். சோதனைச் சாலையில் அளந்த தளர்வோடு பொருந்துமாறு ஒவ்வோர் அலகின் வலிமையும் காலமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

நினைவுள்ள பொருளும் பேரேட்டுக் கணக்கும்

1835ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வெபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், பட்டு நூலில் பளு தொங்கவிட்டபின்னும் அது மெல்ல நீள்வதையும், பளு நீங்கியபின் மெல்லச் சுருங்குவதையும் கண்டறிந்தார். 1874இல் லுட்விக் போல்ட்ஸ்மன் இதற்கு ஒரு பொது விதியை அமைத்தார். பொருளுக்கு இன்றுள்ள தகைவு, இன்றைய நீட்சியால் மட்டும் விளைந்ததன்று. கடந்த காலத்தில் ஏற்பட்ட ஒவ்வொரு நீட்சியும் தன் பங்கை விட்டுச் சென்றிருக்கின்றது. பழைய பங்குகள் மங்கிக்கொண்டே வரும். அவை அனைத்தின் கூட்டுத்தொகையே இன்றைய தகைவு என்பது அவ்விதியின் கருத்து. பொருளுக்கு நினைவு உண்டு என்று இதனை உருவகமாகக் கூறுவர்.

இவ்விதியை அப்படியே பின்பற்றிக் கணக்கிடுவது பெருஞ்சுமையாகும். மோட்டாரின் வாழ்நாளை 1000 காலப் படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியிலும் முந்தைய படிகள் அனைத்தையும் திரும்பக் கூட்ட வேண்டும். ஓரிடத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 5 இலட்சம் உறுப்புகளைக் கூட்ட நேரும். மோட்டாரிலோ கணக்கிட வேண்டிய இடங்கள் பல்லாயிரம்.

இச்சுமையை நீக்கும் வழி மாக்ஸ்வெல் அலகின் ஓர் இயல்பில் உள்ளது. அவ்வலகில் பதிந்த விளைவு, பழையதாயினும் புதியதாயினும், சமமான காலங்களில் ஒரே விகிதத்தில் மங்குகின்றது. ஆதலால் பழைய பங்குகளைத் தனித்தனியே வைத்திருக்கத் தேவையில்லை. கடைக் கணக்கர் நாள்தோறும் முதற்பக்கத்திலிருந்து கூட்டுவதில்லை. முன்னிருப்பை எடுத்தெழுதி அன்றைய வரவு செலவை மட்டும் சேர்க்கின்றார். அவ்வாறே கணிப்பொறியும் ஒவ்வோர் அலகுக்கும் ஓர் இருப்புத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் அதனை உரிய விகிதத்தால் குறைத்துப் புதிய பங்கைச் சேர்க்கின்றது. பத்து அலகுகளுக்கு 1000 படிகளில் 10,000 செயல்களே போதும். இத்தகைய முறையைக் கட்டமைப்புக் கணக்கில் பொருத்திக் காட்டிய ஆய்வுகளுள், அமெரிக்காவில் டெய்லர், பிஸ்டர், குட்ரோ ஆகிய மூவரும் 1970இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

சிறுகூறு முறை

மோட்டாரின் ஓரிடத்தில் தகைவு எவ்வாறு மாறும் என்பதை மேற்சொன்ன முறை தரும். இடத்துக்கு இடம் அது எவ்வாறு வேறுபடும் என்பதை அறிய, சிறுகூறு முறை கையாளப்படுகின்றது. எரிபொருள், காப்புப் படலம், உறை ஆகியவற்றின் வடிவம் முழுவதும் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எளிய சமன்பாடுகள் எழுதப்பட்டு, அவை எல்லாம் ஒருங்கே தீர்க்கப்படும். வானூர்திக் கட்டமைப்புகளுக்காக 1950களில் வளர்ந்த இம்முறைக்கு, 1960இல் ரே கிளஃப் என்பார் இப்பெயரைச் சூட்டினார்.

எரிபொருளுக்கு இம்முறையைப் பயன்படுத்துவதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. இரப்பரைப் போன்ற பொருள்கள் வடிவம் மாற எளிதில் இணங்கும். ஆனால் கன அளவு மாற இணங்குவதில்லை. இத்தகைய பொருளுக்குச் சாதாரணச் சமன்பாடுகளை எழுதினால், பூச்சியத்தை நெருங்கும் ஓர் எண்ணால் வகுக்க நேரிட்டு விடைகள் நம்பத்தகாதனவாகிவிடும். கன அழுத்தத்தைத் தனியொரு தெரியாக் கணியமாகக் கொண்டு இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழியை ஹெர்மன் என்பார் 1965இல் வெளியிட்டார்.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் கட்டமைப்புகளை ஆராய்வதற்கென 'ஃபீஸ்ட்' என்னும் பெயருடைய தனக்குரிய சிறுகூறு நிரல்தொகுதியை உருவாக்கியுள்ளது. எரிபொருள் போன்ற, கன அளவு மாறாப் பொருள்களுக்கு ஏற்ற கூறுகளை அமைப்பது பற்றியும், நிறுத்தி வைக்கப்பட்ட மோட்டார்த் துண்டுகளில் எரிபொருள் தன் எடையாலேயே தொய்வது பற்றியும் அம்மையத்தின் பொறியியலாளர் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டத்து உறையைப் போல, இழைகளைப் பிசினில் தோய்த்துச் சுற்றி அமைக்கும் கலப்புப் பொருள்களுக்கும் இதே கணக்குமுறை பொருந்தும். அங்கே இழையின் போக்கில் காலச்சார்பு மிகக் குறைவு. பிசினே பளுவை ஏற்கும் திசைகளில் அது மிகுதி.

ஒரு மோட்டாரின் கணக்கு மூன்று காலங்களைத் தொடர்ந்து கடக்க வேண்டும். முதலாவது, பதப்படுத்தியபின் குளிரும் நாள்கள். இரண்டாவது, தன் எடையைத் தாங்கிக் காத்திருக்கும் திங்கள்கள். மூன்றாவது, தீ மூட்டியவுடன் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் அழுத்தம் உச்சத்தை அடையும் கணம். மெல்லக் குளிரும்போது மென்மையாக இணங்கிய அதே பொருள், மூட்டும் கணத்தில் பன்மடங்கு விறைப்பாகின்றது. குளிர்ச்சியால் ஏற்பட்ட இழுவை நீங்காதிருக்க, அதன்மேல் அழுத்தத்தால் வரும் இழுவையும் சேர்கின்றது. ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியே ஆராய்ந்தால் தீங்கற்றதாகத் தோன்றும் மோட்டார், மூன்றையும் கூட்டிப் பார்க்கும்போது எல்லையைக் கடந்திருத்தல் கூடும். கணிப்பொறிக் கணக்கின் தலையாய பயன் இவ்வாறு கூட்டிப் பார்ப்பதே ஆகும்.

வெப்பநிலையும் காலமும்

பத்தாண்டு கழித்து ஒரு பொருள் எவ்வாறிருக்கும் என்பதை அறியப் பத்தாண்டு காத்திருக்க இயலுமா? இதற்கு இயற்கையே ஒரு வழி தந்துள்ளது. வெப்பநிலை உயர்ந்தால் தளர்வு விரையும்; தாழ்ந்தால் மந்தமாகும். எனவே உயர்ந்த வெப்பநிலையில் சில மணி நேரம் செய்த சோதனை, தாழ்ந்த வெப்பநிலையில் பல திங்கள் செய்த சோதனைக்கு ஈடாகலாம். வில்லியம்ஸ், லாண்டல், ஃபெரி ஆகிய மூவரும் 1955இல் இவ்வுறவுக்கு ஒரு சூத்திரம் தந்தனர். பல வெப்பநிலைகளில் பெற்ற கோடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தி இணைத்து, மிக நீண்ட காலத்துக்குரிய ஒரே கோட்டை வரையலாம்.

குளிரால் காலம் மந்தமாவது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் புறப்பட்டு 73 நொடிகளில் அழிந்து, எழுவர் உயிரிழந்தனர். அதன் திண்ம மோட்டாரின் துண்டுகளை இணைக்குமிடத்தில் இரப்பர் வளையங்கள் இருந்தன. அழுத்தம் ஏறியவுடன் இணைப்பில் உண்டாகும் இடைவெளியை அவை உடனே விரிந்து அடைத்தல் வேண்டும். அன்றைய குளிரில் அவை விரைந்து விரியவில்லை. சூடான வாயு கசிந்தது. விசாரணைக் குழுவின் உறுப்பினரான ரிச்சர்ட் ஃபைன்மன், அவ்வளையத்தின் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்து, அது சில நொடிகள் வரை தன் வடிவை மீண்டும் பெறாததைக் காட்டினார்.

கணக்கின் எல்லை

கணிப்பொறி தரும் விடை, அதற்கு ஊட்டிய எண்களை விட உயர்ந்ததாக இருக்க முடியாது. இழுவை மிகும்போது இரப்பர் துகள்களிலிருந்து பிரிந்து நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றும். அதன்பின் பங்குகளைக் கூட்டும் எளிய விதி பொருந்தாது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரப்பர் உயிர்வளியோடு வினைபுரிந்து இறுகுதலும் உண்டு. இது வேதி மாற்றம். மேலே கூறிய தளர்வினின்றும் வேறானது. ஆகவே ஒவ்வொரு வார்ப்போடும் மாதிரித் துண்டுகள் எடுத்துச் சோதிப்பதும், மோட்டாரை ஊடுகதிரால் ஆராய்வதும், நிலையில் நிறுத்தி எரித்துப் பார்ப்பதும் கைவிடப்படவில்லை. எஸ்200 மோட்டார் 2010 ஜனவரி 24ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் இவ்வாறு முதன்முறையாக எரித்துச் சோதிக்கப்பட்டது.

பணியிடத்திலும் வகுப்பிலும்

களப் பணியாளர் கையாளும் பாலிதீன் நீர்க்குழாய்களும் இதே விதிக்கு உட்பட்டவை. 'பி.இ. 100' எனக் குறிக்கப்படும் வகை, 20 பாகை செல்சியஸில் 50 ஆண்டுகள் 10 மெகாபாஸ்கல் தகைவைத் தாங்குமென மதிப்பிடப்பட்டது. இம்மதிப்பு, பல வெப்பநிலைகளில் செய்த சோதனைகளைக் கொண்டு காலத்தை நீட்டிக் கணித்ததேயாகும். வெப்பம் மிகுந்த இடங்களில் இக்குழாய்க்குக் குறைந்த அழுத்தமே விதிக்கப்படுவதன் காரணமும், வெயிலில் உயரமாக அடுக்கிய குழாய்களில் அடிவரிசை நசுங்குவதன் காரணமும் இதனால் விளங்கும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிய சோதனையால் காட்டலாம். தடித்த பாலிதீன் தாளிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் அகலமுமுள்ள பட்டையை வெட்டி, மைக்கோலால் இரு கோடுகள் இட்டு, ஒரு முனையை உறுதியாகக் கட்ட வேண்டும். மறுமுனையில் கால் லிட்டர் நீர் நிரம்பிய புட்டியைத் தொங்கவிட வேண்டும். நீட்சி தெளிவாகத் தெரியாவிடில் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் புதிய பட்டையில் செய்யலாம். கோடுகளின் இடைவெளியை 1, 2, 4, 8, 16, 32 நிமிடங்களில் அளந்து குறித்தல் வேண்டும். பின்னர்ப் புட்டியை நீக்கி, அதே கால இடைவெளிகளில் மீண்டும் அளத்தல் வேண்டும். பட்டை உடனே ஓரளவும், மெல்ல மேலும் சிறிதும் திரும்புவதை மாணவர் காண்பர். காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் இச்சோதனையைச் செய்து, இரு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் வெப்பநிலையின் பங்கும் புலனாகும்.

ஹூக்கின் விதியைக் கற்றபின் இச்சோதனையைச் செய்யும் மாணவர், அவ்விதி எங்கு முடிகின்றது என்பதையும் உடன் அறிவர். வகுப்பறையில் 32 நிமிடங்களில் வரையப்படும் அக்கோடும், 200 டன் எரிபொருள் ஏற்றிய மோட்டாரைப் பற்றித் திருவனந்தபுரத்தில் கணக்கிடப்படும் கோடும் ஒரே இயல்பின. பளு எவ்வளவு என்று கேட்பதோடு, அது எவ்வளவு காலம் நின்றது, எவ்வளவு விரைவில் வந்தது, எந்த வெப்பநிலையில் வந்தது என்றும் கேட்கப் பழகுவதே இத்துறையின் முதற் பாடமாகும்.